கருங்கல்லுக்கும் ஓர் எதிரி உண்டு



எந்த ஆலயத்தில் திருப்பணிக் கூட்டம் நடந்தாலும் ஒரு வாசகம் கட்டாயம் காதில் விழும். "கிரானைட் போட்டுடலாம், காலத்துக்கும் நிக்கும்." பெரியவர் ஒருவர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள், அடுத்து விலை பேசப் போய்விடுவார்கள். அது என்ன கல், எந்த இடத்தில் போடப் போகிறோம், அதன் மேல் தினமும் என்ன ஊற்றப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாமும் கேட்பதில்லை. கேட்பதற்குக் கல்லைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். எங்களுக்குப் புவியியல் ஒரு பாடம். அந்த வகுப்பில் கற்றதையும் ஆய்வுக்கூடத்தில் கையால் தொட்டுப் பார்த்ததையும் கோயிலோடு சேர்த்து யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். முழுவதும் ஒரே ஒரு கருத்தைச் சுற்றித்தான் வரும்: கருங்கல் மிக வலிமையானது, ஆனால் அதற்கும் ஓர் எதிரி உண்டு. அந்த எதிரி தண்ணீர்.

மூன்று தைப்பூச மலைகள்

பத்துமலை, ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை. மூன்றுக்கும் காவடி போகிறது. மூன்றும் மலைதான். ஆனால் கல் ஒன்றல்ல.

பத்துமலையும் கல்லுமலையும் சுண்ணாம்புக்கல். கடலடியில் சிப்பி, பவளம், சுண்ணாம்புச் சேறு எல்லாம் படிந்து இறுகி உருவானது. கோலாலம்பூர்ப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லின் வயது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டே போகும். அப்படிக் கரைந்த வெற்றிடம்தான் குகை. குகையின் கூரையில் தொங்கும் கல் விழுதுகள், கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாக மீண்டும் படிந்ததால் வந்தவை.

பினாங்குத் தீவின் அடிப்பாறை கருங்கல். அதனால்தான் தண்ணீர்மலையில் 272 படி ஏறிப் போய் நுழையும்படி ஒரு பெரிய குகை இல்லை. கருங்கல் அப்படிக் கரையாது. அது வேறு விதமாக அழியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கிரானைட் எப்படிப் பிறக்கிறது?

பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாக நிற்கிறது. அது எரிமலை வழியாக வெளியே வந்துவிட்டால் சீக்கிரம் ஆறி, கண்ணுக்குத் தெரியாத பொடிப் படிகங்களோடு இறுகிவிடும். வெளியே வராமல் உள்ளேயே தங்கினால், மேலே உள்ள பாறைகள் போர்வை மாதிரி மூடிக்கொள்வதால் மிக மெதுவாக ஆறும். பல்லாயிரம், பல லட்சம் ஆண்டுகள் ஆகும். மெதுவாக ஆறினால் படிகம் பெரிதாக வளரும். கருங்கல்லை உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவைதான் அந்தப் படிகங்கள்.

புள்ளிகள் முக்கியமாக மூன்று வகை. வெள்ளை அல்லது இளஞ்சிவப்பாக இருப்பது ஃபெல்ஸ்பார். கண்ணாடிச் சில்லு போலச் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். பளபளவென்று தகடு தகடாக இருக்கும் கறுப்பு, மைக்கா. இவற்றில் குவார்ட்ஸ் பெரும்பாலும் கடைசியாக உருவாகும். மற்ற படிகங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் இடுக்குகளில் புகுந்து நிரப்பிவிடும். அதனால் படிகங்கள் ஒன்றோடொன்று பல்லுக்குப் பல் பூட்டிக்கொள்கின்றன. நடுவே இடைவெளி மிகக் குறைவு. கிரானைட்டின் பலம் முழுவதும் இந்தப் பூட்டில்தான் இருக்கிறது.

நம் தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் இந்தக் கல்தான். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய தழும்பு இன்றும் பெந்தோங், ரவூப் வழியாகப் போகிறது. அந்த மோதலில் அடியில் உருகிய பாறைதான் பிறகு ஆறிக் கிரானைட் ஆனது. மேலே மூடியிருந்த பாறைகள் தேய்ந்து போன பிறகு அது மலையாக வெளியே தெரிகிறது. ஈப்போவையும் தைப்பிங்கையும் வளர்த்த ஈயமும் இதே கிரானைட்டோடு வந்ததுதான். பாறைக்குழம்பு ஆறும்போது கடைசியாக மிஞ்சிய வெந்நீர் ஈயத் தாதுவைச் சுமந்து வந்து விரிசல்களில் விட்டுச் சென்றது. சபாவின் கினபாலு மலையும் கிரானைட்தான், 4,095 மீட்டர். ஆனால் வயது 70, 80 லட்சம் ஆண்டுகள் மட்டுமே. தித்திவாங்சாவுக்கு முன்னால் அது கைக்குழந்தை!

கடைக்காரர் சொல்லும் கிரானைட்

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். புவியியலில் கிரானைட் என்றால் மேலே சொன்னவற்றில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும், முக்கியமாகக் குவார்ட்ஸ் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். கல் வியாபாரத்தில் அப்படி இல்லை. கடினமாக இருந்து, மெருகு ஏறினால் போதும், எல்லாமே கிரானைட்தான். சமையலறை மேடையில் போடும் கன்னங்கரேல் "பிளாக் கிரானைட்" பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ. அதில் குவார்ட்ஸ் இருந்தால் அதிசயம்.

சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைக்கும் கருங்கல்லுக்கும் ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னொக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கு வைத்த பலகை இந்தக் கல்தான். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து, 1893-இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார்: சார்னொகைட். இன்று உலகம் முழுக்கப் புவியியல் மாணவர்கள் படிக்கும் ஒரு பாறைப் பெயருக்கு மூலக் கல் நம் தமிழ்நாட்டுக் கல்.

இதனால் டோலரைட்டோ சார்னொகைட்டோ மட்டம் என்று அர்த்தமில்லை. இரண்டும் நல்ல கட்டுமானக் கற்கள். நான் சொல்வது என்னவென்றால், "கிரானைட்" என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. அது பக்தர்கள் ஐந்தும் பத்துமாக உண்டியலில் போட்ட பணம்.

அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கான்கிரீட் கட்டியையும் கருங்கல் உருளையையும் எந்திரத்தில் வைத்து அமுக்கிப் பார்ப்போம். சாதாரணக் கட்டட கான்கிரீட் 30 மெகாபாஸ்கல் அளவில் நொறுங்கும். நல்ல கிரானைட் 100-க்குக் கீழே அசைவது அரிது, 200-ஐத் தாண்டுவதும் உண்டு. இந்த எண் புரியவில்லையா? உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு, ஒரு சதுர சென்டிமீட்டர் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 150 மெகாபாஸ்கல் என்றால் அதன் மேல் சுமார் 1,500 கிலோ வைக்கலாம். ஒன்றரை மைவி கார்! அதே அளவு கான்கிரீட் 300 கிலோவில் கைவிட்டுவிடும்.

ஆனால் அதே கல்லை இரண்டு பக்கமும் தாங்கி, பலகை மாதிரிப் படுக்கவைத்து வளைத்தால் கதை மாறும். வளையும்போது பலகையின் அடிப்பக்கம் இழுபடுகிறது. கல்லுக்கு இழுவை பிடிக்காது. வளைவில் அதன் பலம் 10 மெகாபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். 30 சென்டிமீட்டர் தடிப்புள்ள கல் பலகை தன் சொந்த எடையை மட்டும் சுமக்கிறது என்று கணக்குப் போட்டேன். 3 மீட்டர் இடைவெளிக்கு அடிப்பக்க இழுவை 0.6 மெகாபாஸ்கல். 6 மீட்டருக்கு 2.3. 12 மீட்டருக்கு 9.4. இடைவெளி இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. 12 மீட்டரில் மேலே ஒரு காக்கை உட்காரக்கூட யோசிக்க வேண்டும்! கூரையின் எடையும் உள்விரிசலும் சேர்ந்தால் அதற்கு முன்பே ஆபத்து. கல்லுக்குள் இரும்புக் கம்பி கிடையாது, அதனால் அது எச்சரிக்கையும் கொடுக்காது. முறிந்தால் ஒரே முறிவுதான்.

இப்போது ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். ஏன் இத்தனை தூண்? அழகும் காரணம்தான், ஆகமமும் காரணம்தான். கூடவே கல்லின் இயல்பும் காரணம். கல் உத்தரம் நீளமாகப் போக முடியாது, ஆகவே தூண்கள் நெருங்கி நிற்கின்றன. தூணிலிருந்து நீளும் போதிகை இருக்கிறதே, அது உத்தரத்தின் இடைவெளியை இன்னும் குறைக்கிறது. நம் சிற்பிகள் மெகாபாஸ்கல் என்று சொல்லவில்லை. ஆனால் கல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள்.

மண்டகப்பட்டிலிருந்து தஞ்சைக்கு

தமிழ்நாட்டுக் கோயில்கள் முதலில் செங்கல், மரம், சுதையால் ஆனவை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்ததாக அங்கே உள்ள கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அந்த நான்கு பொருள்களையும் பாருங்கள். மரத்தைக் கரையான் தின்னும், உலோகம் துருப்பிடிக்கும், செங்கல்லும் சுதையும் ஊறி உதிரும். மழைக்கும் காலத்துக்கும் பதில் தேடியதன் விளைவுதான் கற்கோயில்.

அடுத்த நானூறு ஆண்டுகளில் இந்த முயற்சி தஞ்சைப் பெரிய கோயில் வரை போனது. இராசராச சோழன் 1010-இல் நிறைவு செய்த அந்த விமானம் 60 மீட்டருக்கும் மேல் உயரம். தஞ்சை காவிரி வண்டல் நிலம், அங்கே வெட்டியெடுக்கப் பாறை கிடையாது. அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது. அந்த உயரத்தை எப்படி எட்டினார்கள்? ஒவ்வொரு அடுக்கையும் கீழ் அடுக்கைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். இப்படி வைத்தால் பெரும்பாலும் எல்லாக் கல்லும் அமுங்குகின்றன, எதுவும் பெரிதாக வளைவதில்லை. கல்லுக்குப் பலமான வேலையை மட்டும் கல்லிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கல்லைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு முறை உண்டு. உளியால் தட்டி ஓசை கேட்பார்கள். மணி மாதிரிக் கணீரென்றால் ஆண்கல், தாளம் மாதிரி மென்மையாக ஒலித்தால் பெண்கல், ஓசையே எழாததை மூர்த்திக்கு எடுப்பதில்லை என்பது சிற்பிகளின் மரபு. இன்று நாங்கள் என்ன செய்கிறோம்? கல்லின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒலி அலையை அனுப்பி நேரம் பார்க்கிறோம். நல்ல கிரானைட்டில் ஒலி வினாடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் ஓடும். உள்ளே விரிசலோ சிதைவோ இருந்தால் வேகம் குறையும். சிற்பியின் காதும் எங்கள் கருவியும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: உள்ளே பூட்டு இறுக்கமாக இருக்கிறதா?

உபின் தீவுக் கல்

கல் கட்டடம் என்றால் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூருக்கு வடகிழக்கே உள்ள உபின் தீவு முழுக்கக் கிரானைட். 1851-இல் பெட்ரா பிராங்கா பாறையில் ஏற்றப்பட்ட ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இந்தக் கல்லால் கட்டப்பட்டது. கட்டியவர் ஜான் டர்ன்புல் தாம்சன். 170 ஆண்டுகளுக்கு மேலாக அலையும் உப்புக்காற்றும் அடிக்கும் இடத்தில் நிற்கிறது. 1855-இல் விளக்கேற்றிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் உபின் கல்தான். அதில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது.

1924-இல் திறந்த ஜொகூர் கடற்பாலத்தில் தினமும் எத்தனை ஆயிரம் பேர் நெரிசலில் நிற்கிறார்கள்! அடியில் கிடப்பது உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கொண்டுவந்து கடலில் கொட்டிய கருங்கல். அடுத்த முறை அங்கே பஸ்ஸில் மாட்டிக்கொண்டால் கோபப்படாமல் கொஞ்சம் கீழே உள்ள கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழை கருங்கல்லை என்ன செய்கிறது?

இப்போது எதிரியிடம் வருவோம். கருங்கல் சுண்ணாம்புக்கல் போலக் கரைந்து ஓடுவதில்லை என்று சொன்னேன். ஆனால் அதில் பாதிக்கு மேல் இருக்கும் ஃபெல்ஸ்பார், லேசான அமிலம் கலந்த நீரோடு சேர்ந்து களிமண்ணாக மாறுகிறது. மைக்காவில் உள்ள இரும்பு துருவேறிச் சிவக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் மாறுவதில்லை. ஆனால் பக்கத்துப் படிகங்கள் களிமண்ணானதும் பிடிப்பு போய், அது மணலாக உதிர்கிறது. பல்லுக்குப் பல் பூட்டிய பூட்டு கழன்றுவிடுகிறது.

நம் நாட்டின் வெயிலும் மழையும் இந்த வேலையை மிக வேகமாகச் செய்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் மலையை வெட்டிய இடங்களில் செம்மண்ணும் நடுவே உருண்டை உருண்டையாகப் பாறைகளும் தெரியுமே, அந்தச் செம்மண் ஒரு காலத்தில் கருங்கல். சில இடங்களில் 30 மீட்டர் தோண்டினாலும் உறுதியான பாறை வராது. பேராவில் பீடோர், தாப்பா பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக் களிமண்ணும் இப்படி ஃபெல்ஸ்பார் மாறியதால் வந்ததுதான்.

அந்தச் செம்மண் சரிவில் நீர் ஊறினால் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் தெரியும். 1993 டிசம்பர் 11-இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பர் 16-இல் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தார்கள். இரண்டும் கிரானைட் சிதைந்த மண் உள்ள மலைப்பகுதி. "பாறை மலைதானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, மலையோரக் கோயில் வளாகத்தில் மண்ணை வெட்டும் முன், வடிகாலை அடைக்கும் முன், ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்பது அவசியம். இது ஆலயத்தின் அழகைப் பற்றிய விஷயம் இல்லை, உள்ளே இருக்கும் உயிர்களைப் பற்றிய விஷயம்.

நம் முன்னோர் தண்ணீரை நடத்திய விதம்

இந்த அறிவோடு பழைய கோயிலைப் பார்த்தால் பல விஷயங்கள் புதிதாகத் தெரியும். உயரமான அதிட்டானம், தரையின் ஈரம் சுவருக்கு ஏறாமல் தடுக்கிறது. வெளியே வளைந்து நீளும் கொடுங்கை, மழைநீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளி விழச் செய்கிறது. கருவறையிலிருந்து அபிஷேக நீர் கோமுகி வழியாக உடனே வெளியேறுகிறது.

அஷ்டபந்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூர்த்திக்கும் பீடத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலான எட்டுப் பொருள்களை இடித்துக் குழைத்துச் சாத்துகிறார்கள். ஆன்மிகப் பொருளை நம் குருக்கள் விளக்குவார். பொறியியல் கண்ணோடு பார்த்தால், நீர் புகாமல் அடைக்கும், கொஞ்சம் இளகிக் கொடுக்கும் ஒரு பசை அது. சிமெண்ட் வைத்தால் போதாதா என்று கேட்டால், போதாது. சிமெண்ட் இறுகிப்போகும், கல் லேசாக விரிந்து சுருங்கும்போது ஓரத்தில் வெடிப்பு விடும். வெடிப்பில் பாலும் நீரும் இறங்கும். 12 ஆண்டுக்கு ஒருமுறை அஷ்டபந்தனத்தைப் புதுப்பிப்பது சடங்கு மட்டுமில்லை, நல்ல பராமரிப்புத் திட்டமும்கூட.

நம் ஆலயத்துக்கு என்ன பாடம்?

கருவறையைத் தொடும் எந்த முடிவும் ஸ்தபதியும் குருக்களும் எடுக்க வேண்டியது. நம் வேலை கேட்பதும் கவனிப்பதும் கை கொடுப்பதும். கூட்டத்தில் நாம் மரியாதையோடு முன்வைக்கக்கூடிய சில விஷயங்கள்:

1. அபிஷேகம் நடக்கும் இடத்தில் சலவைக்கல் வேண்டாம். எலுமிச்சைச் சாறும் தயிரும் அமிலம். சலவைக்கல் என்பது சுண்ணாம்புக்கல் வெப்பத்தில் மாறியது, அமிலம் பட்டால் மெருகு அரிக்கும். விற்பவர் கிரானைட் என்று கொடுத்த மாதிரித் துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டு அரை மணி நேரம் வைத்துத் துடைத்துப் பாருங்கள். மெருகு மங்கினால் அது கிரானைட் இல்லை.

2. இன்னொரு துண்டில் தண்ணீர்ச் சொட்டு வையுங்கள். சீக்கிரம் உறிஞ்சிக் கறுத்தால் உள்ளே துளைகள் அதிகம். கட்டடக் கிரானைட் தன் எடையில் 0.4 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சக் கூடாது என்பது பலரும் பின்பற்றும் தரம். பெரிய அளவில் வாங்கினால் சோதனைச் சான்றிதழ் கேட்கலாம், அதில் தப்பே இல்லை.

3. மெருகேற்றிய தரை பார்க்க அழகு. நனைந்தால் வழுக்கும். நம் கோயிலில் பாட்டிமார்கள் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றுகிறார்கள். ஈரம் படும் இடத்துக்குச் சொரசொரப்பான முகமுள்ள கல்லைக் கேளுங்கள். அதிகப் பளபளப்புக்காக ஓர் இடுப்பெலும்பு முறிய வேண்டியதில்லை.

4. யாக குண்டத்தை நேராகக் கருங்கல் தரையில் வைக்காதீர்கள். 573 பாகை செல்சியஸில் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று விரியும், கல் பொரிந்து தெறிக்கும். கீழே மணலும் செங்கல்லும் பரப்பும் பழைய முறைதான் சரி. செங்கல் ஏற்கெனவே நெருப்பில் வெந்தது, அதற்கு நெருப்பு புதிதல்ல.

5. கல்லை இணைக்கச் சாதாரண இரும்புக் கொக்கி வேண்டாம். துருப்பிடித்தால் பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு கொஞ்சம் விலை அதிகம், ஆனால் கல்லைவிட மலிவு.

6. கல் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். பெயிண்ட் உரியும்போது கல்லின் தோலும் சேர்ந்து வரும். சிற்பியின் உளி வேலையும் மறைந்துபோகும்.

உழவாரப் பணிக்குப் போகும்போது

இது நேரடியாக நம் கையில் இருக்கிறது. உழவாரப் படையைக் கையில் ஏந்திய அப்பர் பெருமானைக் கல்லோடு கட்டிக் கடலில் இறக்கியபோது அந்தக் கல்லே தெப்பமாக மிதந்தது என்று புராணம் படித்திருக்கிறோம். தண்ணீரைப்போல் 2.6 மடங்கு எடையுள்ள பொருள் கல். அது மிதந்ததை அருள் என்கிறோம். அந்த அருளை நம்புகிற நாம், அப்பர் கையில் பிடித்த கருவியை எப்படிப் பிடிப்பது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் புல்லைச் செதுக்கினார், கல்லைச் செதுக்கவில்லை.

கல்லில் பிடித்த பாசிக்கு முதலில் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும். தேவைப்பட்டால் மிதமான சோப்பு. ஆசிட் ஊற்றினால் வெள்ளையாகிவிடும் என்று யாராவது சொன்னால் நிறுத்துங்கள். ஆசிட் கல் இணைப்பில் உள்ள சிமெண்டைத் தின்னும், மைக்காவில் உள்ள இரும்பை வெளியே இழுத்து மஞ்சள் கறை உண்டாக்கும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள் கல்லில் மாட்டித் துருவேறும். அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீச்சும் எந்திரம் புதுச் சிமெண்ட் தரைக்குச் சரி, பழைய கல் இணைப்புக்கு ஆகாது.

விளக்கெண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தைச் சுரண்டாதீர்கள். வெள்ளைக் களிமண் பொடியைத் தகுந்த கரைப்பானோடு குழைத்துப் பூசி, மூடி வைத்து, காய்ந்ததும் எடுத்தால் எண்ணெயை இழுத்துக்கொண்டு வரும். கருங்கல் சிதைந்து வந்த களிமண்ணே கருங்கல்லைச் சுத்தம் செய்கிறது! இன்னும் எளிய வழி, விளக்குக்கு அடியில் ஒரு தட்டு வைப்பது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மழை பெய்யும்போது ஒருமுறை கோயிலைச் சுற்றி வாருங்கள். வெயிலில் எல்லாக் கோயிலும் நன்றாகத்தான் இருக்கும். மழையில்தான் எந்த வடிகால் அடைத்திருக்கிறது, எந்தச் சுவரில் நீர் வழிகிறது, எந்தக் கல்லடியில் தேங்குகிறது என்று தெரியும். குறித்து வைத்து நிர்வாகத்திடம் கொடுங்கள். கோமுகியை அடைத்த பூக்களை எடுத்துவிடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒரு கல்லின் ஆயுளை அது கூட்டும்.

கலந்துரையாடலுக்கு

வாராந்திர வகுப்பில் இந்தக் கேள்விகளை எடுத்துப் பேசலாம்.

1. உங்கள் ஊர் ஆலயம் நிற்கும் நிலம் கிரானைட்டா, சுண்ணாம்புக்கல்லா, ஆற்று வண்டலா? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

2. உங்கள் ஆலயத்தில் கல் எங்கெங்கே இருக்கிறது? எந்தெந்தக் கல் அமுங்குகிறது, எது வளைகிறது? ஒரு படம் வரையுங்கள்.

3. அபிஷேகத் தீர்த்தம் கருவறையிலிருந்து புறப்பட்டுக் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது? வழியைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

4. அடுத்த குடமுழுக்குக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது? அதுவரை கல்லைப் பராமரிக்க இளைஞர் பிரிவு மாதம் ஒரு முறை என்ன செய்யலாம்?

5. "காலத்துக்கும் நிக்கும்" என்று அடுத்த கூட்டத்தில் யாராவது சொன்னால், மரியாதை குறையாமல் என்ன கேள்வி கேட்பீர்கள்?

இந்த ஐந்தாவது கேள்விக்கு என் பதில் இது: "ஐயா, கல் நிக்கும். தண்ணி எங்கே போகும்?"